சாணம் கல்லான சாம்பல் மேடுகள்

கர்நாடகத்தில் பல்லாரியிலிருந்து ஹொசபேட்டை போகும் வழியில் இருக்கிறது குடிதினி. கரிசல் வயல்களும் கருங்கல் குன்றுகளுமாகக் கிடக்கும் வறண்ட சீமை. இந்த வட்டாரத்தில் ஆங்காங்கே பழைய சாம்பல் மேடுகள் உண்டு. ஹம்பி அருகே நிம்பாபுரத்தில் உள்ள மேட்டை, வாலியை எரித்த இடம் என்பார்கள் ஊர் மக்கள்.

மேட்டின் வெட்டு முகத்தில் வெளிர் சாம்பல் அடுக்கடுக்காகத் தெரியும். நடுவே குமிழ் விட்ட, கண்ணாடி போல் பளபளக்கும் கட்டிகள். பார்த்தால் கொல்லன் உலைக் கசடு போலவே இருக்கும். ஆனால், அது எரிந்த மாட்டுச் சாணம் என்றார் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-ல் சென்னைப் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர் இவர்தான். 1957-ல் தெலங்கானாவின் உட்னூரில் அகழ்ந்த ஆல்சின், சாம்பல் அடுக்குகளில் மாட்டுக் குளம்புத் தடங்களையே கண்டார். 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மாட்டுப் பட்டி இருந்திருக்கிறது. பட்டியில் குவிந்த சாணத்தைப் புதிய கற்கால மக்கள் திரும்பத் திரும்பக் கொளுத்தியிருக்கிறார்கள்.

சாணம் கல்லானது எப்படி? புல்லிலும் தட்டையிலும் சிலிக்கா நிறைய உண்டு. மாடு தின்றாலும் அது செரிக்காமல் சாணத்தோடு வந்துவிடும. கடும் வெப்பத்தில் இந்த சிலிக்கா, சாம்பல்சத்துடன் சேர்ந்து உருகும்; ஆறினால் கண்ணாடிக் கட்டியாகும். வெப்பம் குறைந்த இடத்தில் சாம்பலிலுள்ள சுண்ணாம்புச்சத்து கால்சைட் என்னும் தாதுவாகிறது. மழைநீரில் சிறிது கரைந்து, காய்ந்து, மீண்டும் படிந்து சாம்பலை இறுக்கிவிடுகிறது. கரிசலில் சுக்கான் கட்டி உருவாவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

மணிச்சத்து எளிதில் கரைந்து போகாது, மேட்டிலேயே தங்கும். அதனால்தான் பல மேடுகளை உரத்துக்காக வெட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வெட்டிய மேடு திரும்ப வளராது. அதிலுள்ள குளம்புத் தடமும் விதையும் எலும்பும் அதோடு போய்விடும்.

வெட்டியவர்களுக்கும் பெரிய லாபமில்லை. சாணம் எரிந்தபோதே தழைச்சத்து புகையோடு போய்விட்டது. மட்கும் பொருளும் மிச்சமில்லை. இருக்கிற சாம்பலோ சுண்ணாம்பு மிகுந்தது. புளிப்பு மண்ணுக்கு அது உதவும். சுக்கான் உள்ள கரிசலில் இட்டால் காரத்தன்மை கூடும், மணிச்சத்தும் பயிருக்கு எட்டாமல் சுண்ணாம்போடு கட்டிக்கொள்ளும்.

நம் வீட்டு அடுப்புச் சாம்பலுக்கும் இதே கணக்குதான். மண் பரிசோதனை செய்து, புளிப்பு நிலமாக இருந்தால் மட்டும் இடுங்கள். சாணத்தை எரிக்காமல், நிழலில் குழியெடுத்து மட்க வைத்து இடுவதே நிலத்துக்கு நல்லது.