உடையக்கூடிய பாத்திரங்கள்

இல்லறத்தில் அற்பமான வேலை என்று ஒன்றும் இல்லை. உண்ட தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதும் இறைவன் திருமுன் ஒரு பணியே. இன்று நகரத்து இல்லங்கள் சிலவற்றிலும், கடல் கடந்து வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றிலும் அப்பணியை டிஷ்வாஷர் என்னும் இயந்திரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வேலைக்கு வருவோர் வர இயலாமற்போகவே, அதனை வாங்கியோரும் உண்டு. வாங்கிய பின்னர், கண்ணாடி மங்கிவிட்டது, பீங்கான் விளிம்பு பெயர்ந்துவிட்டது என்று குறைப்படுவோரையும் காண்கிறோம். குறை பெரும்பாலும் அடுக்கும் கையில்தான் இருக்கிறது.

இவ்வியந்திரம் பிறந்த வரலாறே மென்பொருட்களைக் காப்பதைப் பற்றியது. அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் நகரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரன் அம்மையார், தம் குடும்பப் பீங்கான்கள் பணியாளர் கழுவும்போது சிதைவதைக் கண்டு மனம் வருந்தினார் என்பர். 1883-இல் கணவரை இழந்து, கடன் சுமையோடு நின்ற அவர், தட்டு, கோப்பை ஆகியவற்றை அளந்து, ஒவ்வொன்றின் வடிவிற்கும் ஏற்பக் கம்பி அறைகளை அமைத்தார். அவற்றைச் செப்புக் கொப்பரையினுள் ஒரு சக்கரத்தில் பொருத்தி, சவர்க்கார வெந்நீர் பாயச் செய்தார். 1886 டிசம்பர் 28-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பரிசும் பெற்றது. ஒவ்வொரு பாத்திரத்திற்கும் அதற்குரிய இடம் வேண்டும் என்பதே அம்மையார் கண்ட உண்மை.

இன்றும் முறை அதுவே. முதலில் பருக்கையையும் எலும்பையும் வழித்தெடுத்துவிட வேண்டும். தட்டுகளைக் கீழடுக்கில், நீர் பீய்ச்சும் நடுப்பகுதியை நோக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்த வேண்டும். குண்டான் போன்ற குழிந்த பாத்திரங்களைக் கவிழ்த்துச் சற்றுச் சாய்த்து வைத்தால் நீர் தேங்காது. கண்ணாடித் தம்ளர்களும் கோப்பைகளும் மேலடுக்குக்கு உரியவை. நீரின் வேகத்தில் மோதிக்கொள்ளாதபடி அவற்றினிடையே இடைவெளி வேண்டும். நெடிய கரண்டியொன்று நீர் பீய்ச்சும் சுழல்கையைத் தடுத்துவிட்டால், அன்றைய கழுவல் வீணாகிவிடும். கையால் கழுவப் பயன்படும் சோப்பை ஊற்றினால் நுரை பொங்கி வழியும். இயந்திரத்திற்கென்று விற்கப்படுவதையே இட வேண்டும்.

சிலவற்றை உள்ளே வைக்கவே கூடாது. பொன்விளிம்பிட்ட பீங்கான் நிறம் இழக்கும். இரும்புத் தோசைக்கல் எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும். மரக்கரண்டி வெடிக்கும், அலுமினியம் கறுக்கும், கூரிய கத்தி முனை மழுங்கும். வெள்ளியும் எவர்சில்வரும் ஒன்றையொன்று தொட்டால் கறை படியும். கண்ணாடியில் படிந்த உப்புநீர்ப் படலம் வினிகரால் துடைத்தால் நீங்கும். நீங்காவிடில் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது என்று அறிக. அதனை மீட்க வழியில்லை. கழுவி முடிந்ததும், சூடு ஆறிய பின் கீழடுக்கை முதலில் எடுத்தால், மேலடுக்கின் நீர் அதன்மேல் சொட்டாது.

இத்துணை கவனமும் நன்றே. ஆனால் இக்கவனம் பாத்திரத்தோடு நின்றுவிடலாகாது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கின் 31-ஆம் அதிகாரத்தில், மடத்துப் பாத்திரங்கள் அனைத்தையும் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போல் கருதுமாறு பண்டகப் பொறுப்பாளருக்குக் கட்டளையிடுகிறார். 35-ஆம் அதிகாரத்திலோ, நோயாளரும் முக்கிய அலுவலில் ஈடுபட்டோரும் தவிர அனைவரும் முறைவைத்து அடுக்களைப் பணி செய்ய வேண்டும் என்கிறார். பாத்திரத்தை மதித்தவர், அதனைக் கழுவும் பணியையும் மதித்தார். அதை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தவில்லை.

நம் இல்லங்களில் நிலை என்ன? தாயும் மகளும் கழுவ, தந்தையும் மகனும் கை உலர்த்திச் செல்வது இன்னும் பல வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. ஒரு கோப்பை உடைந்தால், அதன் விலையைவிடக் கொடிய சொற்கள் வேலைக்கார அம்மாவின் மேல் விழுகின்றன. நம் தம்ளர்களையெல்லாம் தூய்மையாக்கும் அவருக்கு, காப்பி அருந்த மட்டும் தனித் தம்ளர் வைக்கும் கிறிஸ்தவ இல்லங்களும் உள்ளனவே! ஞாயிறன்று ஒரே பீடத்தை அணுகும் நாம், திங்களன்று அவருக்கு வேறு தம்ளரை நீட்டுவது எவ்வகையில் நியாயம்? இயந்திரம் வந்த அன்றே, பல்லாண்டு உழைத்தவரைக் கணக்கு முடித்து அனுப்புவதும் அவ்வாறே. அவருக்கு வேறு பணி தேடித் தருவதும், அதுவரை கூலி குறையாமல் பார்த்துக்கொள்வதும் நீதியின் கடமை.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் புனித பவுல் நம்மை மண்பாண்டங்களுக்கு ஒப்பிடுகிறார். பீங்கானுக்கு இடைவெளி விட்டு இடம் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, மனிதருக்கு இடம் ஒதுக்கத் தெரியாதா? இந்த வாரமே தந்தையர் ஒரு வேளைப் பாத்திரங்களைத் தம் கையால் அடுக்கட்டும்; தனித் தம்ளர் இருக்கும் வீட்டில் அது மற்றவற்றோடு ஒரே அடுக்கில் சேரட்டும். அவ்வீட்டில் இறைவன் மகிழ்ந்து தங்குவார்.