கல்லில் விட்ட வளை
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., நிலவியல்)

தொல்லுயிர் எச்சம் என்றதும் நம் மனக்கண்முன் எலும்பும் சிப்பியுமே தோன்றும். சிப்பி, உயிர் போனபின் மிஞ்சிய ஓடு. அலை அதை எங்கிருந்தேனும் உருட்டிக் கொணர்ந்திருக்கலாம். வளையோ, பிராணி உயிரோடிருந்தபோது, அதே இடத்தில் தோண்டியது. அதை எந்த அலையும் பெயர்த்துச் செல்லாது.

எங்கள் ஊர் ஜேடர்பாளையத்தில் இதைத் தேடிப் பயனில்லை. இங்குள்ள பாறைகள் பெரும்பாலும் 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. வளை தோண்டும் பிராணியே அன்று கிடையாது! ஆனால் எங்கள் படுகை அணையைத் தாண்டும் காவிரியோடு திருச்சிக்கு அப்பால் போனால், வடகிழக்கே அரியலூர் வட்டாரம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். அந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக 1862-இல் வகுத்தெழுதியவர் பிளான்போர்டு. அவற்றில் ஒபியோமார்ஃபா, தலசினாய்டிஸ் முதலிய வளைகள் உள்ளன. பெயர்கள் வளைக்கே உரியவை, தோண்டிய பிராணிக்கு அல்ல. ஒரே பிராணி பலவிதமாகத் தோண்டும். பல பிராணிகள் ஒரேவிதமாகவும் தோண்டும்.

ஒரு காலத்தில் அறிஞர்கள் இத்தகைய தடங்களைக் கடற்பாசி என்றே நம்பினர். பல தடங்கள் பிராணிகள் ஊர்ந்தவை என்று 1881-இல் சுவீடன் நாட்டு நாதோர்ஸ்ட் காட்டினார். பின்னாளில் ஜெர்மானியரான சைலாக்கர், தடங்களைக் கொண்டே கடலின் தன்மையைக் கூறும் முறையை வகுத்தார். அலை மோதும் மணலில் வளை பெரும்பாலும் செங்குத்தாக இறங்கும். அமைதியான சேற்றில் இரை தேடிப் படுக்கைவாட்டில் ஓடும்.

மூன்றாமாண்டுக்கு என்னை அனுப்புவதா என்ற பேச்சு வீட்டில் ஓடிய விடுமுறை அது. "கல்லைப் படிச்சு என்ன மாப்பிள்ளை ஆகப்போகுது?" என்றார் மாமா. அப்பா பள்ளி வாசலை மிதித்ததில்லை. ராஜவாய்க்கால் வரப்புகளில் நண்டு பிடிப்பவர். ஒபியோமார்ஃபா படத்தை அவரிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"சுத்தியும் உருண்டை புடிச்சு ஒட்டியிருக்குதே கண்ணு. நிக்காத மணலா இருக்கும். பூசாம உட்டாச் சரிஞ்சு போகும்."

எங்கள் பாடப்புத்தகம் கூறுவதும் அதுவே! இன்றும் கடற்கரை மணலில் ஒருவகை இறால் இப்படித்தான் மண்ணுருண்டைகளால் வளைச்சுவரைப் பூசுகிறது.

மூன்றாமாண்டைப் பற்றி அப்பா வாய் திறக்கவில்லை. "அந்தச் சீவன் எங்க?" என்று மட்டும் கேட்டார். உடல் மென்மையானது, பெரும்பாலும் கொடுக்குதான் கல்லில் மிஞ்சும் என்றேன். "நண்டுக்கும் அப்படித்தான்" என்றவர், கொடுக்கு எவ்வளவு பெரிது என்று விரலால் அளந்து காட்டச் சொன்னார்.