பெரியக்கா மகளின் ஃபைல்

ஆம்பூர்

அடியே,

பிரியாணி பார்சல் பண்ணச் சொல்லி இனி எழுதாதே, வந்தாத்தான் சோறு. இப்ப எங்க தெருக்கதையைக் கேளு.

எங்க பெரியக்கா மகள் ஷூ டிசைன் படிக்கப் போறாளாம். லண்டன் கனவு வேற. போர்ட்ஃபோலியோ வேணும்னு ஒரு கோச்சிங் சார்கிட்ட விட்டிருக்காங்க. ஃபைலைப் புரட்டினேன். பென்சில்ல நடிகர் முகம், மயில், சூரியன் மறையுற கடற்கரை. ஆம்பூர்ல எங்கடி கடல்? பாதிக்கு மேல சாரோட கை, ஷேடிங்லயே தெரியுது. எனக்கே தெரியுதுன்னா, ஃபைல் பார்க்கிறதே பிழைப்பா இருக்கிறவங்களுக்குத் தெரியாமப் போகுமா?

நிஃப்ட் ஃபேஷன் கல்லூரியில பி.டெஸ்.னு டிசைன் பட்டத்துக்குச் சேர ஃபைலே வேண்டாம், அது தெரியுமா உனக்கு? படைப்புத் திறன் தாளுக்கு 50 சதவீதம், பொதுத் திறனுக்கு 30, மிச்சம் 20 சிச்சுவேஷன் டெஸ்ட்டுக்கு. ஹால்ல பொருளைக் கையில குடுத்து, அங்கயே ஒரு மாடல் செய்யச் சொல்வாங்க. பொருளை எப்படிப் பயன்படுத்தினே, ஒட்டு நிக்குதா, நிறம் சேருதா, ஃபினிஷிங் சுத்தமான்னு மார்க். அங்க சார் கூட வர முடியாதுல்ல! இருங்காட்டுக்கோட்டை எஃப்.டி.டி.ஐ. நேர் எதிர். செருப்புக்குன்னே இருக்கிற படிப்பு, நுழைவுத் தேர்வோ சரியான விடையை டிக் பண்ற கதை. எனக்கு அது ஒப்பவே இல்ல.

லண்டன்ல கார்ட்வெய்னர்ஸ்னு 1887ல தோல் தொழிலுக்குன்னு தொடங்கின பள்ளி. இப்ப லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷன்ல சேர்ந்திருக்கு. அந்த மாதிரி இடத்துல முடிஞ்ச படத்தை மட்டும் பார்க்க மாட்டாங்க. எதைப் பார்த்து ஆரம்பிச்சே, எங்க மாத்தினே, எதைத் தூக்கிப் போட்டே, அதெல்லாம் இருக்கிற ஸ்கெட்ச்புக் பக்கத்தைத்தான் தேடுவாங்க.

இதுலதான் வேடிக்கை. அவ அப்பா, அதான் மச்சான், ஷூ கம்பெனியில பேட்டர்ன் மாஸ்டர். லாஸ்ட்ங்கற கால் வடிவக் கட்டை மேல மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதுமேல கோடு போட்டு, அப்படியே உரிச்சு அட்டையில படிய வெச்சு ஷூவோட மேல்பாகம் வெட்டுவார். இந்தப் பொண்ணு சின்னதுலேர்ந்து பக்கத்துல உக்காந்து பார்த்தவ. வயித்துப் பக்கத் தோல் இழுபடும், ஷூ முனைக்கு முதுகுப் பக்கம்தான் நிக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வா. மிச்சத் தோல்ல அவளே ஒரு செருப்பு செஞ்சா. மூணு தடவை வார் பிடிக்காம அட்டையை மாத்தி மாத்தி வெட்டினா. அந்த அட்டைங்க, உரிச்ச டேப்பு, கிறுக்கல் எல்லாம் அட்டைப் பெட்டியில கிடக்கு. ஃபைல்ல வைக்கலாமான்னு கேட்டிருக்கா. சார், "அழுக்கா இருக்கும்மா"ன்னுட்டாராம்! நாலு படம் வரைஞ்சு குடுத்தா ஃபீஸ் வாங்கலாம், அட்டைக்கு யாரு ஃபீஸ் குடுப்பாங்க?

அக்காகிட்ட சொன்னேன், "உனக்கு என்னடி தெரியும்"னு வாயை அடைச்சுட்டாங்க. நீ மெட்ராஸ்ல வேலை பார்க்கிறவ, உன் பேச்சு எடுபடும். ஞாயித்துக்கிழமை அக்காவுக்கு ஒரு போன் போடு. நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் உளறிடாதே. அதுக்குள்ள மச்சான் அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாம இருக்கணும், நான் பார்த்துக்கறேன்.

உன்
ஆம்பூர்க்காரி