கண்மாய்க்கு எத்தனை மடை?

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய். அதற்கு ஐந்து மடை. தமிழ் விக்கிப்பீடியாவில் அதைப் பற்றிக் கட்டுரை தொடங்கியபோது ஏழு என்று எழுதிவிட்டேன். கரையில் நடந்து எண்ணிய நான், கலுங்குகள் இரண்டையும் மடைக் கணக்கில் சேர்த்திருந்தேன். அந்தக் கண்மாயில் நெடுங்காலம் நீர்க்கட்டியாக, அதாவது மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுபவராக, இருந்த பெரியவரிடம் கட்டுரையைக் கைப்பேசியில் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கலுங்குல போறது கண்மாய் கொள்ளாத தண்ணி, தம்பி. மடையில போறதுதான் வயலுக்கு. ரெண்டையும் ஒண்ணா எண்ணலாமா?"

அன்று இரவே திருத்தினேன். கட்டுரை ஏறிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு நாளுக்குள் யாரோ அதை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சில மாதங்கள் கழித்து, நீர்நிலைகளைப் பற்றிய ஓர் இதழின் சிறப்புப் பக்கங்களில் என் மூன்று பத்திகளைப் பார்த்தேன். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. சந்தேகத்துக்கு இடமே வைக்காமல் அந்த ஏழு மடையும் அங்கே இருந்தது. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் "நன்றி: இணையம்" என்று போட்டிருந்தார்கள். தொலைபேசியில் பேசினேன். "விக்கிப்பீடியாதானே சார், யார் வேணாலும் எடுத்துக்கலாமே" என்றார் எடுத்தவர். அவர் குரலில் தப்புச் செய்த உணர்வு இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தார்.

எடுத்துக்கொள்ளலாம் என்பது சரிதான். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய நாளிலிருந்தே அது எல்லோரும் எடுத்தாள்வதற்கென்று எழுதப்படுவது. 2009 முதல் அதன் எழுத்து படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் இருக்கிறது. அச்சிடலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். பதிலுக்குக் கேட்பது மிகக் கொஞ்சம்: எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், எந்த உரிமம் என்று குறிக்க வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்லி, அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும். எழுதியவர்கள் அத்தனை பேரையும் வரிசையாகப் போட வேண்டியதில்லை. கட்டுரையின் முகவரியைக் கொடுத்தாலே போதும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "வரலாறு" என்று ஒரு தாவல் உண்டு. எவர், எந்தத் தேதியில், எந்த நிமிடத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது முழுக்க அங்கே பதிவாகிக் கிடக்கிறது. முகவரி கிடைத்துவிட்டால் பெயர்களும் கிடைத்துவிடும்.

உரிமம் இல்லாத எழுத்துக்கோ இந்தச் சலுகையும் இல்லை. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இது என் எழுத்து' என்று கோரும் உரிமையை எழுதியவரிடமே விட்டுவைக்கிறது. செய்திக்கு உரிமையாளர் கிடையாது. கண்மாய்க்கு ஐந்து மடை என்பது என் சொத்தாக முடியாது. அதைச் சொன்ன வாக்கியம் வேறு விஷயம்.

ஆனால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. என்னை உறுத்தியது அந்த "நன்றி: இணையம்" என்ற சொல். கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு, எழுதியவரை விட்டுவிடுவது போன்றது அது. வாட்ஸ்அப்பில் "படித்ததில் பிடித்தது" என்ற தலைப்போடு வருபவையும் இப்படித்தான். எங்கே படித்தது என்ற ஒரு சொல் இருக்காது. பிடித்துப்போன எழுத்துக்குச் செய்கிற மரியாதை, அதை எழுதியவரைத் தேடும் வழியை அடைப்பதா?

எடுத்த இடத்தைச் சொல்வதை ஒரு வழி என்றுதான் நினைக்கிறேன். அந்த இதழில் ஒரே ஒரு வரி, கட்டுரையின் முகவரி, இருந்திருந்தால் படித்தவர்களில் யாராவது ஒருவர் அங்கே போயிருப்பார். போனவர் ஐந்து என்று பார்த்திருப்பார். என் பிழை அங்கேயே நின்றிருக்கும். வழி இல்லாததால் அது கிளம்பிவிட்டது. மறு வருடம் ஒரு புத்தகத்தில் ஏறியது. அந்த நூலாசிரியர் இதழிலிருந்து எடுத்திருந்தார். இதழின் பெயரையும் அவர் போடவில்லை.

இதற்கடுத்து நடந்ததை இந்த வேலையில் இருப்பவர்கள் மட்டுமே முழுதாக உணர முடியும் என்று நினைக்கிறேன். ஒருநாள் புதிய பயனர் ஒருவர் என் கட்டுரையில் ஐந்து என்பதை ஏழு என்று மாற்றினார். சான்றாக அந்தப் புத்தகத்தையும் பக்க எண்ணையும் கொடுத்தார். நல்ல நோக்கத்தோடு, விதிப்படி செய்தார். விக்கிப்பீடியாவில் அச்சில் வந்த சான்று பெரிது. சான்றில்லாத வரிக்குப் பக்கத்தில் "சான்று தேவை" என்று குறி விழும். என் ஐந்துக்குப் பெரியவரின் வாய்ச்சொல்லும் என் இரண்டு கண்களும்தான் சான்று. அதற்குச் சொந்த ஆய்வு என்று பெயர்; ஏற்கமாட்டார்கள். என் பிழை ஊரைச் சுற்றி அச்சுமை பூசிக்கொண்டு திரும்பி வந்து, என் திருத்தத்தை வெளியே தள்ளியது. உரையாடல் பக்கத்தில் வரலாற்றைத் தேதி தேதியாகக் காட்டி விளக்கினேன். அந்தப் பயனர் பொறுமையாகக் கேட்டார். ஏழுக்கு மூலம் என் பழைய வரிதான் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஐந்துக்கு அச்சுச் சான்று இல்லையே! கடைசியில் எண்ணிக்கையையே எடுத்துவிடுவது என்று முடிவானது.

அந்த உரையாடல் பக்கத்தில் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கை நின்றது. பெரியவர் சொன்னார், பெரியவர் சொன்னார் என்று நாலு இடத்தில் எழுதியிருந்தேன். கட்டுரையில் அவர் எங்கே? வரத்துக்கால், உள்வாய், மறுகால், கடைமடை, எந்த மடையை எந்த மாதத்தில் எத்தனை விரற்கடை திறப்பது என்று அத்தனையும் எனக்கு அவர் கொடுத்தது. அவற்றை உறுதிப்படுத்த அச்சு நூல்களைத் தேடிப் பிடித்து அடிக்குறிப்பில் அந்த நூல்களைப் போட்டேன். விதி அப்படி. விதி இல்லாமல் அங்கே வேலை நடக்காது என்பதையும் அறிவேன். ஆனால் படிப்பவருக்கு அந்த அறிவு நூலகத்திலிருந்து வந்ததுபோல் தோன்றும்.

கொடுத்தவரின் பெயரைச் சொல்வதற்கு நம் மொழியில் நல்ல முன்னோடிகள் உண்டு. 1887-இல் சீவக சிந்தாமணியில் தொடங்கிப் பழைய நூல்களை வரிசையாகப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தமக்கு ஏட்டுச் சுவடி கொடுத்தவர்களின் பெயர்களை ஊரோடு முகவுரையில் பதிவு செய்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் முகப்பிலேயே இருக்கும். யாரும் பரப்பலாம், அந்த முகப்பை மட்டும் வெட்டாமல் வைத்திருங்கள் என்பதே அவர்கள் வைக்கும் நிபந்தனை. அதை வெட்டிவிட்டுச் சுற்றுக்கு விடுகிற கோப்புகளைப் பார்க்கும்போது, சம்பளம் வாங்காமல் இரவில் கண்விழித்து மெய்ப்புப் பார்த்த யாரோ ஒருவரின் முகம் மனதில் வரும்.

அடுத்த மாசியில், தண்ணீர் வற்றிய நேரம், பெரியவரோடு கரையில் நடந்து ஐந்து மடைகளையும் இரண்டு கலுங்குகளையும் தனித்தனியாகப் படம் எடுத்தேன். விக்கிமீடியா பொதுவகத்தில் படத்தோடு விவரம் எழுத இடம் உண்டு. அங்கே அச்சுச் சான்று கேட்பதில்லை. ஒவ்வொரு மடையின் பெயரையும், அதைச் சொன்னவர் இவர் என்பதையும் எழுதட்டுமா என்று அனுமதி கேட்டேன். கைத்தடியை மடைக்கல்லில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"எழுது. ஆனா எங்க அய்யா பேரையும் போடு. எனக்குச் சொல்லிக் குடுத்தது அவருதானே. அவருக்கு முந்தி யாருன்னு எனக்குத் தெரியாது."

பொதுவகத்தில் ஏழு படங்கள் இருக்கின்றன. ஏழின் விவரத்திலும் இரண்டு பெயர்கள்.