தகிடவின் நடு எழுத்து

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ரிலீஸுக்காக அலுவலகத்தில் காத்திருந்தோம். சர்வரில் டெப்ளாய்மென்ட் ஓடிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் வங்காளி, வார இறுதிகளில் கிதார் வாசிப்பவர். தன் ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார். “உங்க ஊர்ச் சமாச்சாரம் மாதிரி இருக்கு, கேட்டுப் பாரு” என்றார்.

பாட்டு வாத்தியத்தில் தொடங்கவில்லை, வாயில் தொடங்கியது. மனிதக் குரலில் சொல்கட்டு. தகதிமி, தகிட என்று எழுத்துகள் ஓடி வந்து விழுந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அடுத்த சொல் எங்கே விழும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. உதடு தானாக அசைந்தது.

நண்பர் ஆச்சரியப்பட்டார். “இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“யூடியூப்ல பார்த்திருக்கேன்” என்றேன்.

அந்தப் பொய்யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதோடு அந்த இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றியும்.

*

என் அப்பா தவில்காரர். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் வயல், வயல் முடியும் இடத்தில் வாய்க்கால். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் தண்ணீர் எங்கள் ஊருக்கு எப்போது வந்து சேரும் என்று எல்லோரும் கணக்குப் போடுவார்கள். அப்பா போடும் கணக்கு வேறு. வைகாசியில் எத்தனை முகூர்த்தம், ஆவணியில் எத்தனை, மார்கழி போனால் தையில் எத்தனை. முகூர்த்த நாட்களில் அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை.

நான் பேசக் கற்றதும் சொல்கட்டு கற்றதும் ஏறக்குறைய ஒரே காலம். மூன்றுக்குத் தகிட, நாலுக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி. வாய்ப்பாட்டுக்கு முன்னால் எனக்கு இது தெரியும். எட்டாம் வகுப்பு வரை திண்ணையில் உட்கார்ந்து கல்லில் குச்சியால் தட்டி சாதகம் செய்தேன். பிறகு ஒருநாள் அப்பாவே நிறுத்திவிட்டார். ஒரு கல்யாணத்துக்கு என்னையும் தாளம் போட அழைத்துப்போயிருந்தார். பந்தி முடிந்து, மண்டபத்தைக் கழுவ ஆரம்பித்த பிறகுதான் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வரும்போது பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் குச்சியை எடுத்து பரண் மேல் வைத்தார். “இது என்னோட போவட்டும். நீ படி” என்றார்.

நான் படித்தேன். இன்ஜினியரிங், கேம்பஸ் இன்டர்வியூ, பெங்களூர். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் “விவசாயம்” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

*

அன்று இரவு கேட்டது ஷக்தி குழுவின் இரண்டாவது ஆல்பத்தில், 1976-ல் வந்த ஒரு பாடல். அறைக்குப் போனதும் அவர்களுடைய முதல் ஆல்பத்தைத் தேடிக் கேட்டேன். அது 1975 ஜூலை 5-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலாவது ‘ஜாய்’, சுமார் பதினெட்டு நிமிடம். நடுவில் ‘லோட்டஸ் ஃபீட்’, ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூன்றாவது ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும்.

கிதார் ஜான் மெக்லாக்லின், இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’, ‘பிட்சஸ் ப்ரூ’ இரண்டிலும் வாசித்தவர். பிறகு மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸுமாக மேடையை அதிரவைத்தவர். அந்தப் புகழின் உச்சத்தில் எலெக்ட்ரிக் கிதாரை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராம்நாட் ராகவன், கடம் விக்கு விநாயக்ராம். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, பியானோ இல்லை. ஜாஸ் ரசிகர்கள் பலருக்கு இது ஜாஸா என்றே சந்தேகம் வந்திருக்கும்.

விநாயக்ராமின் முழுப்பெயர் தேத்தாகுடி ஹரிஹர விநாயக்ராம். வேதாரண்யத்தை ஒட்டி முல்லைப்பூ விளையும் ஒரு ஊருக்கு தேத்தாகுடி என்று பெயர். அவரும் மெக்லாக்லினும் 1942-ல் பிறந்தவர்கள், ஒரே வயது. மெக்லாக்லினின் ஆங்கிலப் பேட்டிகளைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, டெல்டா ஊர் ஒன்று கடக்காரரின் முன்னெழுத்துக்குள் இருக்கிறது என்று தெரிய மூன்று மாதம் ஆனது.

*

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஆட்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: மேற்கு நம் இசையை அங்கீகரித்தது. 2024 பிப்ரவரியில் ஷக்தியின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பம் கிராமி வாங்கியபோதும் அதையே சொன்னார்கள். அந்தக் குழுவில் கஞ்சிரா வாசித்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்த முதல் ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் அந்த வாக்கியம் தலைகீழாக இருப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது. இங்கே ஒரு வெள்ளைக்காரர் நம்மை அங்கீகரிக்கவில்லை. நம்மிடம் வந்து மாணவராக உட்கார்ந்திருக்கிறார்.

மெக்லாக்லின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். ஏற்கெனவே உலகப் புகழ் பெற்ற கிதார்க்காரர் அவர். இன்னொரு வாத்தியத்தில் முதலிலிருந்து தொடங்கினார். வீணையில் கமகம் எப்படி வருகிறது? மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் வருகிறது. சாதாரண கிதாரில் அந்த அளவுக்கு இழுக்க முடியாது. அதனால் ஆபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்கென ஒரு கிதார் செய்தார். மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரம் பள்ளமாகச் செதுக்கப்பட்டிருக்கும். சுருதிக்காக ஏழு தந்திகள் குறுக்கே ஓடும். தஞ்சாவூர் வீணையும் பலா மரம், தவிலும் பலா மரம். அந்தக் கிதாரின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கோ ஒரு சொந்தக்காரப் பையனைப் பார்ப்பதுபோல இருக்கும்.

இது தஞ்சாவூருக்குப் புதிதும் இல்லை. வயலினை ஐரோப்பியர்களிடம் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் முக்கியமானவர்கள். சுவாதித் திருநாள் 1834-ல் வடிவேலுவுக்கு யானைத் தந்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அன்று நம்மவர்கள் அந்நிய வாத்தியத்தைக் கையில் எடுத்து, அதைப் பிடிக்கும் விதத்தையே மாற்றி, தரையில் உட்கார்ந்து வாசித்தார்கள். சுமார் நூற்றைம்பது வருடம் கழித்து அங்கிருந்து ஒருவர் வந்து தரையில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் நடந்தது ஒன்றுதான், கற்றுக்கொண்டார்கள்.

*

ஆனால் எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஜாஸின் உயிர் ஸ்விங் என்கிறார்கள். இந்த ஆல்பத்தில் அது எங்கே?

ஸ்விங் என்றால் என்ன என்று முதலில் ஒரு இன்ஜினியராகத்தான் புரிந்துகொள்ளப் பார்த்தேன். ஒரு தட்டை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பாதியும் சமம். காகிதத்தில் ஜாஸ்காரர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். வாசிக்கும்போது முதல் பாதி நீளும், இரண்டாவது சுருங்கும். தோராயமாக இரண்டுக்கு ஒன்று. வேகம் கூடக் கூட அந்த விகிதம் சமத்தை நோக்கி நகரும். நான் பைதானில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். விகிதத்தைக் கொடுத்தால் அது தட்டும். 0.66 கொடுத்தேன், 0.6 கொடுத்தேன், 0.58 கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் செத்துக் கிடந்தது.

போன வருடம் ஆனி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு வலது தோள் இறுகிப்போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. தவிலைத் தோளில் மாட்டி வீதியுலாவில் நடந்து வாசித்த நாற்பது வருடம் அங்கே சேர்ந்திருந்தது. வந்த கச்சேரிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். விரல்களில் மாட்டும் கூடுகள் ஒரு டப்பாவில் கிடந்தன. தவில் உறை போட்டு மூலையில் இருந்தது.

சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து போனில் ‘ஜாய்’ போட்டுக் காட்டினேன். அப்பா கண்ணை மூடாமல், வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கிதார் வேகமெடுத்தபோது “அவசரப்படுறாரு” என்றார். கடம் வந்ததும் முதுகு நிமிர்ந்தது. “இது யாரு?” சொன்னேன். “அதான பாத்தேன்” என்றார்.

‘லோட்டஸ் ஃபீட்’ முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். “அவ்வளவு வேகம் கையில இருக்கிறவரு எவ்வளவு கம்மியா வாசிக்கிறாரு பாரு. அடக்கிக்கிறதுதான் தம்பி கஷ்டம்.” பிறகு அவராகவே யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்பாவுக்குத் தவில் என்றால் தட்சிணாமூர்த்திதான். இந்த ஆல்பம் பதிவான அதே 1975-லேயே, 42 வயதைத் தொடுவதற்குள் இறந்துபோனவர். அவரோடு வாசிக்க இப்படி ஒருத்தர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பா கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் ஸ்விங்கைப் பற்றிச் சொன்னேன். வேறொரு பழைய ஜாஸ் ரெக்கார்டைப் போட்டுக் காட்டி, டிரம்ஸ்காரரின் தட்டை மட்டும் கவனிக்கச் சொன்னேன். விகிதம், சதவீதம் எல்லாம் விளக்கினேன். அப்பா பாதியில் நிறுத்தினார்.

“தகிட சொல்லு.”

“தகிட, தகிட, தகிட.”

“இப்ப நடு எழுத்த முழுங்கு. விடாத, முழுங்கு.”

த, ட. த, ட. திண்ணையில் தட்டிக்கொண்டே சொன்னேன். மூன்றில் இரண்டு பங்கு முதல் எழுத்துக்கு, ஒரு பங்கு கடைசி எழுத்துக்கு. போனில் அந்த டிரம்ஸ்காரர் செய்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அதுதான்.

“இப்ப நீ சொல்றது வெறும் ஓட்டையா இருக்கு” என்றார் அப்பா. “முழுங்கின எழுத்து உள்ள ஓடிக்கிட்டே இருக்கணும். வெளிய கேக்கக் கூடாது, உனக்குக் கேக்கணும். அப்பத்தான் அடுத்தது சாய்ஞ்சு வந்து விழும்.”

என் ஸ்கிரிப்ட்டில் இல்லாதது அதுதான். அது இடைவெளியை அளந்தது, ஆனால் எதையும் விழுங்கவில்லை. மெக்லாக்லினின் ஸ்விங் அந்த ஆல்பத்தில் எங்கே என்ற கேள்விக்கும் எனக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. அதைத் தட்டிக் காட்ட டிரம்ஸ் இல்லை. வெளியே கேட்கவேண்டும் என்று அவரும் அடம்பிடிக்கவில்லை. இருபது வருட ஜாஸை விழுங்கிவிட்டு வாசிக்கிறார். அது உள்ளே ஓடுவதால்தான் நம் கணக்குக்குள் நின்றுகொண்டு வேறு மாதிரி சாய்கிறார். மூன்றாவது உருப்படி எனக்கு இன்றும் கொஞ்சம் நீளமாகத்தான் படுகிறது. இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கும் சில இடங்களில் யாராவது ஒருவர் நிறுத்தலாமே என்று தோன்றும். ஆனால் அவர் எந்த இடத்திலும் விருந்தாளி மாதிரி வாசிக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பொய்யை அப்பாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஹெட்ஃபோன், யூடியூப். விவசாயம் என்று சொல்லிக்கொண்டதையும் சொன்னேன்.

அப்பா சிரித்தார். “தவில்காரன் மவன்னு சொல்லியிருந்தா சம்பளத்தக் கொறைச்சிருப்பானா?”

“இல்லப்பா.”

“பின்ன?”

என்னிடம் பதில் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் வாய்க்கால் சத்தம் மட்டும் கேட்டது. “நான்தான நிறுத்தினேன்” என்றார் பிறகு. “உன்னச் சொல்லி என்ன?”

அந்தக் கச்சேரி நடந்தபோது மெக்லாக்லினுக்கு வயது 33. எனக்கு அப்போது 34. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பரணில் கையைவிட்டுத் துழாவினேன். குச்சி கிடைக்கவில்லை. கரையான் தின்றிருக்கும் என்றார் அம்மா. அடுப்படியிலிருந்து கருதறுக்கிற நீளத்துக்கு ஒரு விறகுச் சிம்பை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தேன்.

அப்பா இடது கையால் தாளம் போட்டார். நான் தட்டினேன். தகிடவில் நடு எழுத்து மூன்று முறை வெளியே வந்துவிட்டது. நாலாவது முறை அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கரண்ட் வந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்.

“போயி சாப்பிட்டுட்டு வா” என்றார் அப்பா. “கண்டத்துல ஒரு தடவ பாப்போம்.”