பாலாற்றில் படுத்த பாலம்

சென்ற விடுமுறைக்குத் துபாயிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன், கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டொன்றில் ஆம்பூருக்கு மேலே பறந்தான். பாலாற்றுப் பாலம் தூண்களின்றி, நீரின்மேல் விரித்த பாய்போல் கிடந்தது. ஆறோ கரைக்குக் கரை நீலநீர்!

காரணம் எளிதுதான். செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் தரையின்மீது போர்த்துகிறார்கள். மேலிருந்து எடுத்த படத்துக்குப் பாலத்தின் உயரம் தெரியாது. வரைபடம் ஆறென்று குறித்த இடத்தைக் கணினி தண்ணீரால் நிரப்பிவிடுகிறது.

2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இத்தகைய விளையாட்டில், மெல்பர்ன் புறநகரொன்றில் 212 மாடிக் கோபுரம் முளைத்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தில் மாடிகள் 2 என்று எழுதவேண்டியவர் 212 என்று எழுதிவிட்டாராம். பின்னர் வேறொருவர் திருத்தினார். ஆனால் பிழையான படிதான் விளையாட்டுக்குள் போயிருந்தது. ஏடு திருத்தியே காலம் கழிக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலம் படுத்துக் கிடந்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தண்ணீர்தான் உறுத்திற்று. 2021 நவம்பர் வெள்ளம் போன்ற நாள்கள் நீங்கலாக, நாம் காண்பது மணலும் முட்செடியுமே. தோல் பதனிடும் கழிவால் இப்பகுதி நிலத்தடி நீர் கெட்டதை 1996இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது.

"இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது ஏன் மாமா கேன் தண்ணீர் வாங்குகிறீர்கள்?" என்றான் பிள்ளை.

மறுநாள் அஸருக்குப் பின் அவனைப் பாலத்துக்கு அழைத்துச் சென்றேன். கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி நெடுநேரம் கீழே மணலையே பார்த்துக்கொண்டிருந்தான்.