இறங்கிப் பார்க்காத ஊர்கள்

திருமணத்திற்கு ஆயத்தம் செய்யும் இளையோருக்கு வகுப்பு நடத்துவது நம் பணிகளுள் ஒன்று. கணவனும் மனைவியும் மனம் விட்டுப் பேச வேண்டும் என்று பல ஆண்டுகளாக அவர்களுக்கு எடுத்துரைத்து வருகிறோம். ஆயினும் நம் சொந்தத் தமக்கையார் இல்லத்திலேயே, சொல்ல வேண்டிய சொல் எதுவென்று அறியாமல் நாம் வாய்மூடி நின்ற காலம் ஒன்று உண்டு. அதனைக் குடும்பத்தினராகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள அவர்கள் இருவரும் மகிழ்வுடன் இசைந்துள்ளனர்.

அத்தான் பேருந்து ஓட்டுநராக முப்பத்து மூன்று ஆண்டுகள் உழைத்தவர். அவற்றுள் பெரும்பகுதி நாகப்பட்டினத்திற்கும் இராமநாதபுரத்திற்கும் இடைப்பட்ட கடற்கரைச் சாலையிலேயே கழிந்தது. பிள்ளைகளுக்குத் திருமணமாயிற்று, அவரும் ஓய்வு பெற்றார். அதன்பின்தான் வீட்டில் சிக்கல் தொடங்கியது. வானொலியின் ஒலி கூடினாலும் பூசல். காப்பியில் சர்க்கரை குறைந்தாலும் பூசல். அதைத் தொடர்ந்து நாட்கணக்கில் மௌனம். “தம்பி, அவர் பஸ் ஓட்டின காலத்தில் எப்போது வருவார் என்று வாசலிலே காத்திருந்தேன். இப்போது வீட்டிலேயேதான் இருக்கிறார், ஆனாலும் இன்னும் வந்து சேராதது போலவே இருக்கிறது” என்று அக்கா ஒருநாள் கூறியபோது, நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

அவர்களுடைய மகள்தான் ஒரு வழி கண்டாள். தன் காரை மூன்று நாட்களுக்குக் கொடுத்து, “எங்கேயாவது நிதானமாகப் போய் வாருங்கள்” என்றாள். தம்பியும் உடன்வந்தால்தான் வருவேன் என்று அக்கா பிடிவாதம் செய்தார். பக்கத்துப் பங்குக் குருவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, கடந்த தை மாத இறுதியில் நாமும் புறப்பட்டோம்.

முதல் நாள் தரங்கம்பாடி. தேனியர்கள் 1620ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. 1706இல் இவ்வூரில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் இங்கேதான். இவற்றையெல்லாம் அக்காவுக்கு விளக்கிக் கொண்டிருந்தோம். அத்தானோ காரை விட்டு இறங்கவே இல்லை. இரு கைகளையும் சக்கரத்தின்மீது வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை வேளாங்கண்ணியில் அன்னையின் திருமுன் மூவரும் மெழுகுதிரி ஏற்றினோம். ஆயினும் உணவு மேசையில் இருவரும் நம்மோடு பேசினார்களேயன்றித் தமக்குள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் வேதாரண்யம். 1930ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு எடுத்த மண் அது. பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அதற்கப்பால் கோடிக்கரை. 1967 முதல் அது உயிரினப் புகலிடமாக விளங்குகிறது. புல்வெளியில் வெளிமான் கூட்டம் ஒன்று தலைதூக்கி நம்மை நோக்கியது. ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. அக்கா அவற்றைக் கண்டு சிறுமிபோல் நின்றுவிட்டார். அப்பொழுது நாம் ஒரு தவறு செய்தோம். “நேரமாகிறது அக்கா, பகலுணவுக்குள் முத்துப்பேட்டை போய்ச் சேர வேண்டும்” என்று அவசரப்படுத்தினோம். அவர் ஒன்றும் பேசாது வந்து வண்டியில் ஏறினார். அதன்பின் நெடுந்தொலைவு வரை வண்டிக்குள் ஒரு சொல்லும் எழவில்லை. அவர்களை இணைக்க வந்த நாமே அவர்களுடைய சிறு மகிழ்ச்சிக்கும் தடையானோமே என்று உள்ளம் உறுத்தியது.

அதிராம்பட்டினம் கடந்து மல்லிப்பட்டினத்தை நெருங்கியபோது, அத்தான் யாரையும் கேளாமல் வண்டியைக் கிளைச்சாலையில் திருப்பினார். தென்னைகளுக்கிடையே மனோரா தோன்றியது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814ஆம் ஆண்டில் எழுப்பத் தொடங்கிய எட்டு நிலைக் கோபுரம் அது. குருப்பட்டம் பெற்ற நாள் முதல் நம்மைச் “சாமி” என்றே அழைத்து வந்த அத்தான், அன்று, “மாப்பிள்ளை, இந்தத் திருப்பத்தை ஆயிரம் தடவை கடந்திருப்பேன். ஒரு தடவையும் இறங்கிப் பார்த்ததில்லை” என்றார்.

“ஏன் இறங்கவில்லை?” என்று அக்கா கேட்டார். இரண்டு நாட்களில் அவர் கணவரிடம் நேராகக் கேட்ட முதற் கேள்வி அது.

“நான் இறங்கினால் உள்ளே அறுபது பேர் காத்திருப்பார்களே!”

நிழலில் அமர்ந்தோம். அத்தான் மெல்லப் பேசத் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்கு முன் தொண்டிக்கு அருகே, அந்தி நேரத்தில், ஒரு சிறுவன் பேருந்தின் குறுக்கே ஓடி வந்தானாம். மயிரிழையில் பிள்ளை தப்பினான், கீறல்கூட இல்லை. ஆனால் அன்று முதல் பல வாரங்கள் சக்கரத்தைப் பிடித்தாலே தம் கைகள் நடுங்கியதாகவும், வேலை போய்விடும் என்று அஞ்சி யாரிடமும் சொல்லவில்லை என்றும் கூறினார்.

அக்கா அவரையே உற்று நோக்கினார். “அந்த மாதம்தானே சோறு வேண்டாம் என்று பாதியிலே எழுந்து எழுந்து போனீர்கள்? என் சமையலும் நானும் உங்களுக்கு வெறுத்துப் போயிற்று என்றல்லவா நான் அழுதேன்!” என்றார். இருபது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ், அவர் தம் அச்சத்தையும் இவர் தம் கண்ணீரையும் தனித்தனியே சுமந்திருக்கிறார்கள். நாம் மெல்ல எழுந்து கடலோரமாக நடந்தோம். அங்கே குருவானவரின் அறிவுரைக்குத் தேவை இருக்கவில்லை. திரும்பி வருவதற்கு ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. கடிகாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்றாம் நாள், 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் வழியாகப் பாம்பனைக் கடந்து தனுஷ்கோடி சேர்ந்தோம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அழிந்த ஊர் அது. பயணிகளோடு வந்த இரயிலும் அவ்விரவில் அலைவாய்ப்பட்டது. கூரையிழந்த ஆலயத்தின் சுவர்கள் மணலில் நிற்கின்றன. ஓர் ஊரை ஒரே இரவில் புயல் அழித்துவிடும். இல்லமோ, சொல்லாமல் விட்ட சொற்களால் சிறிது சிறிதாகவே சரியும். அதனாலேயே நமக்கு அது தெரிவதில்லை. அரிச்சல்முனையில் அத்தான் அக்காவின் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு அவரை அலையில் நிற்கச் செய்தார்.

இப்பொழுது அவ்வீட்டில் பூசலே இல்லை என்று சொல்ல மாட்டோம். வானொலி இன்னும் உரக்கத்தான் பாடுகிறது. ஆனால் பூசல் முடிந்ததும் யாரேனும் ஒருவர், “என்ன, மனோராவில் இறங்குவோமா?” என்று கேட்கிறாராம்.

அன்புக் குடும்பத்தினரே, அட்டவணைக்கு ஓடியவர் அத்தான் மட்டுமல்லர். ஒரு மாலையில் பதினைந்து வீடுகளைச் சந்தித்தோம் என்று பெருமைப்பட்ட நாமும் எந்த வீட்டிலும் இறங்கிப் பார்க்காதவரே. இப்பொழுது மூன்று வீடுகளோடு நிறுத்திக்கொள்கிறோம். நீங்களும் ஆண்டில் ஒரு முறையேனும் கணவன் மனைவியாக எங்கேனும் சென்று வாருங்கள். கார் வேண்டியதில்லை, அடுத்த ஊருக்குச் செல்லும் பேருந்தே போதும். வழியில் ஓரிடத்தில் இறங்குங்கள். அடுத்த வண்டி வரும்வரை பேசுங்கள்.